கருவி பார்க்கும் படலம்

எங்கள் கல்லூரியில் 1990-களின் தொடக்கத்தில் புரோகிராம் எழுதக் கருவி தேர்ந்தெடுப்பது ரொம்பச் சுலபம். லேப் அசிஸ்டென்ட் எந்த ஃப்ளாப்பியைக் கையில் கொடுக்கிறாரோ அதுதான் கருவி. டர்போ பாஸ்கல் வந்தால் பாஸ்கல், டர்போ சி வந்தால் சி. "சார், இதைவிட நல்லதா வேற இருக்கா?" என்று யாரும் கேட்டதில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒரு மானிட்டருக்கு மூன்று பேராக நெருக்கியடித்து, எங்களுக்காக அல்லாமல் கம்ப்யூட்டருக்காக ஓடிய ஏ.சி.யில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படியொரு கேள்வி தோன்ற நியாயமில்லை. மணி அடிப்பதற்குள் புரோகிராம் ஓட வேண்டும், அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கருவி பற்றிய எங்கள் கொள்கை அதோடு முடிந்தது.

இப்போது என் அலுவலகத்தில் கருவி தேர்வுக்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது. நானும் அதில் உறுப்பினன். புரோகிராம் எழுதி ரொம்ப நாளாயிற்று.

டர்போ பாஸ்கலின் பூர்வீகம் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தன் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய கம்பைலரை, அமெரிக்காவில் போர்லண்ட் நிறுவனம் 1983-இல் 49.95 டாலருக்கு விற்றது. மற்ற கம்பைலர்கள் பல நூறு டாலர் விலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை எடிட்டர் தனி, கம்பைலர் தனி, லிங்கர் தனி. ஒரு ஃப்ளாப்பியை உருவி அடுத்ததைச் செருகுவதற்குள் என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துபோகும். டர்போவில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. மூன்றாம் பதிப்பில் எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்தே 40 கேபிக்குள் அடங்கின. எங்கள் அலுவலக மின்னஞ்சலின் அடியில் தொங்கும் லோகோ அதைவிடக் கனம்.

போர்லண்டின் உரிம ஒப்பந்தமும் விசித்திரமானது. வக்கீல் பாஷை எதுவும் இல்லாமல், இந்த மென்பொருளை ஒரு புத்தகத்தைப் போல நடத்துங்கள் என்றது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், கைமாற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. நாங்கள் அந்த ஒப்பந்தத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்டோம். எங்கள் ஊரில் பாடப்புத்தகத்தை எப்படி நடத்துவோமோ அப்படியேதான் நடத்தினோம்: ஆளுக்கொரு காப்பி எடுத்தோம்.

டர்போ பாஸ்கலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முதல் பிழையிலேயே நின்றுவிடும். "எரர் 85" என்று சிவப்பில் காட்டி, அரைப்புள்ளி விட்டுப்போன இடத்தில் கர்சரை நிறுத்தும். அதைச் சரிசெய்தால் அடுத்த பிழையைச் சொல்லும். இப்போது வெறும் "வணக்கம்" என்று திரையில் காட்டும் புராஜெக்டைத் தொடங்கினாலும், இறக்குமதியான நூற்றுக்கணக்கான துணைப் பொதிகளில் இத்தனை பாதுகாப்பு ஓட்டைகள், அவற்றில் இத்தனை தீவிரமானவை என்று ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கித் தரும் என்பிஎம் ஒரு பட்டியல் வாசிக்கிறது. நாம் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. டர்போ சியில் ஒரு முழு எண்ணின் உச்சவரம்பு 32,767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மைனஸ் 32,768 ஆகிவிடும். சம்பளப் பட்டியல் புரோகிராமில் இது வெகுநாள் வரை வெளிப்படவே இல்லை. எங்களில் எவனுக்கும் மாதம் 32,767-க்கு மேல் சம்பளம் வரும் என்று வாத்தியார் முதற்கொண்டு யாரும் கற்பனை செய்யவில்லை. அதோடு, திரையைத் துடைக்கும் கட்டளையும், ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும் கட்டளையும் சி மொழியின் உடன்பிறந்த அங்கங்கள் என்றே மாணவர்கள் நம்பினார்கள். உண்மையில் அவை போர்லண்ட் போட்ட உபரி. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தால் அவை இருக்காது. ஆனாலும் பாடத்திட்டம் டர்போ சியை விடவில்லை. 64 பிட் விண்டோஸில் டர்போ சி ஓடாது என்றானதும், பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட டாஸ்பாக்ஸை நிறுவி, அதற்குள் டர்போ சியைக் குடிவைத்து, 2010-களிலும் பல கல்லூரி லேப்களில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போனால் முதலாளி டெல்ஃபி என்றார். 1995-இல் வந்தது, அதன் தலைமைச் சிற்பியும் ஹெய்ல்ஸ்பெர்க்தான். 1996-இல் அவர் மைக்ரோசாஃப்டுக்கு மாறினார். சில வருடம் கழித்து எங்கள் மேனேஜர் சி ஷார்ப் என்றார். அதுவும் ஹெய்ல்ஸ்பெர்க். பிறகு கமிட்டி யுகம் பிறந்து, நீண்ட விவாதத்துக்குப் பின் டைப்ஸ்கிரிப்ட் என்று முடிவானது. 2012-இல் வெளியான அதற்குப் பின்னாலும் அதே மனிதர். நான் அவரைத் தேடிப் போகவில்லை. போன இடத்திலெல்லாம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

இடையில் விஷுவல் பேசிக் 6-இல் ஆரணியில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு புரோகிராம் எழுதினேன். அந்த மொழியின் எடிட்டருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதில் செய்த புரோகிராம்கள் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. புதிதாக மாற்றித் தரட்டுமா என்று ஆலை முதலாளியிடம் கேட்டேன். "தம்பி, அது பாட்டுக்கு ஓடுது. நீங்க கை வைக்காம இருந்தா போதும்" என்றார். அவரைப் போன்ற ஒருவரைக் கமிட்டியில் சேர்க்கலாம் என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கமிட்டியின் துயரம் வேறு. நாங்கள் முடிவெடுப்பதற்குள் கருவி செத்துப்போகிறது. கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்கு எங்கள் இளைஞர்கள் பார்த்துப் பார்த்து வண்ணமும் எழுத்துருவும் அமைத்தார்கள். 2022 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். ரியாக்ட் புராஜெக்ட் தொடங்கவென்று கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவி இருந்தது. அதற்குப் பயிற்சி வகுப்பெல்லாம் நடத்தினோம். 2025 பிப்ரவரியில் இனி இதைத் தொடாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. கிரண்ட், கல்ப் என்று மற்றவற்றின் பெயர்களைச் சொன்னால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் "யாரு அண்ணா அவங்க?" என்கிறார்கள்.

2016 மார்ச்சில் நடந்ததை மட்டும் அவர்களிடம் விலாவாரியாகச் சொல்வதுண்டு. லெஃப்ட்-பேட் என்று 11 வரியில் ஒரு பொதி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பி நேராக நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. எழுதியவர் கோபித்துக்கொண்டு அதை என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகள் கம்பைல் ஆகாமல் நின்றன. அதே வேலையை நாங்கள் முதல் செமஸ்டரில் செய்தோம். பாஸ்கலில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து எட்டு என்று எழுதினால் எட்டு இடத்துக்குள் வலப்பக்கமாகப் போய் நின்றுகொள்ளும். இதைக் கேட்டுவிட்டு ஒரு பெண், "அதுக்கு எந்த பேக்கேஜ் போடணும்ணா?" என்றாள்.

சமீப வருடங்களில் எனக்குப் பிடித்த சண்டை 2025 மார்ச்சில் நடந்தது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரின் வேகம் போதவில்லை என்று அதை வேறு மொழியில் பெயர்த்து எழுதுவதாக ஹெய்ல்ஸ்பெர்க் அறிவித்தார். சுமார் 15 லட்சம் வரி கொண்ட விஎஸ் கோட் எடிட்டரின் மூலநிரலைச் சரிபார்க்க முன்பு 77.8 விநாடி, இப்போது 7.5 விநாடி. உலகம் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்த மொழியைப் பார்த்தது. கூகுளில் பிறந்த கோ! சி ஷார்ப்பைப் பெற்றவரே சி ஷார்ப்பை எடுக்கவில்லையே என்று மைக்ரோசாஃப்ட் விசுவாசிகள் பொங்கினார்கள். ரஸ்ட் மொழியின் பக்தர்கள் ரஸ்ட் ஏன் இல்லை என்றார்கள். அவர் சொன்ன காரணத்தில் கொள்கையும் கிடையாது, குலப்பெருமையும் கிடையாது. பழைய நிரல் பெரும்பாலும் ஃபங்ஷன்களும் தரவு அமைப்புகளுமாக இருக்கிறது, நினைவகத்தைத் தானே சுத்தம் செய்யும் மொழி வேண்டும், அப்படியே பெயர்த்து எழுத கோ தோதாக இருக்கிறது. அவ்வளவுதான். எங்கள் கமிட்டியில் இப்படி ஒரு காரணத்தை யாராவது முன்வைத்தால், "அது சரி, ட்ரெண்ட் என்ன?" என்று கேட்டு உட்காரவைத்துவிடுவோம்.

இப்போது ஏஐ வந்தாயிற்று. மொழி எதுவும் குறிப்பிடாமல், காலி ஃபோல்டரில் ஒரு சின்ன பில் போடும் புரோகிராம் கேட்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் டைப்ஸ்கிரிப்டில் எழுதி நீட்டியது. 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பில் பைதானையும் ஜாவாஸ்கிரிப்டையும் முந்தி அதுவே முதலிடம் பிடித்ததாகச் செய்தி. முந்தியதற்கு ஏஐயும் ஒரு காரணம் என்கிறார்கள். என் அனுபவத்தில் லேப் அசிஸ்டென்ட்டாவது முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஃப்ளாப்பியைக் கொடுப்பார்.

எந்த ஏஐ வாங்குவது என்று தீர்மானிக்க கமிட்டி கூடியிருக்கிறது. எக்ஸெல்லில் பெரிய ஒப்பீட்டு அட்டவணை: விலை, வேகம், நினைவு, தமிழில் திட்டினால் புரிகிறதா என்பது உட்பட. முடிவு அறிவிக்க வேண்டிய நாள் காலையில் போட்டியாளர்களில் ஒன்று புதுப் பதிப்பு வெளியிட்டது. இன்னொன்று விலையை மாற்றியது. வியாழக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். அட்டவணைக்கு எக்ஸெல் போதவில்லை, கருவிகளை ஒப்பிடவென்றே ஏதாவது நல்ல கருவி பார்க்கலாமா என்பது அன்றைய முதல் பொருள்.