உப ஜனாதிபதி வேலை காலியா?

கேள்வி: இந்தியாவில், அமெரிக்காவில் எல்லாம் உப ஜனாதிபதி இருக்கிறார். நமக்கு மட்டும் ஏன் இல்லை? இருந்தால் விண்ணப்பம் போடலாமென்று பார்க்கிறேன்.
- ஒரு வாசகர், மருதானை

பதில்: விண்ணப்பத்தை மடித்து வையுங்கள். இலங்கையின் 1978 அரசியல் யாப்பு அந்த நாற்காலியைச் செய்யவே இல்லை. ஜனாதிபதி பதவி இடையில் வெறுமையானால் பிரதமர் பதில் கடமை பார்ப்பார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தெரிந்து, மீதிக் காலத்தை ஒப்படைக்கும். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஆமர் வீதிச் சந்தி இருக்கிறதே, 1993 மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாச குண்டுக்குப் பலியானது அங்கேதான். பிரதமர் டி.பி. விஜேதுங்க அன்றே பதில் ஜனாதிபதி, ஆறு நாளில் முழு ஜனாதிபதி.

2022 ஜூலை 20இலும் பாராளுமன்றம் இதே முறையில் ஜனாதிபதியைத் தெரிந்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்கு. அநுர குமார திசாநாயக்கவுக்கு மூன்றே மூன்று. அந்த மூன்று வாக்குக்காரர்தான் 2024இல் ஜனாதிபதி. ஆகவே தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

இந்தியாவிலோ, உப ஜனாதிபதியாக 35 வயதும் ராஜ்யசபை உறுப்பினராகும் தகுதியும் வேண்டும். சம்பளம் தரும் அரசாங்க உத்தியோகம் கூடாது. வேலை? ராஜ்யசபைக்குத் தலைமை தாங்கி, “அமருங்கள், அமருங்கள்” என்பது. வாக்குகள் சமமானால் மட்டும் தன் வாக்கைப் போடலாம். அமெரிக்க உப ஜனாதிபதிக்கும் செனட்டில் அதே கதிதான். மருதானை ஸ்டேஷனில் காலை நேரக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திப் பழகியவருக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இந்தியப் பிரஜையாக வேண்டும், ஐயா!