அணி மாறிய கப்பித்தான்

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றிவிட்டால் அவருக்கு ஒரு போன் வரும். மறுநாள் வேறு ஊர், வேறு பனியன். புது ஆட்கள் பந்தைத் தரமாட்டேன் என்கிறார்கள், பழைய கோச் நினைப்பாகவே இருக்கிறது என்று ஆறு மாதம் புலம்புவார். குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள். 1741-லேயே இங்கே ஓர் ஆள் அணி மாறியாயிற்று. ஏலமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. தோற்ற அணியின் ஆளை ஜெயித்த அணி அப்படியே அள்ளிக்கொண்டது.

அவர் யூஸ்டாக்கியஸ் டிலனாய். 1715-ல் பிரான்சின் அராஸ் ஊரில் பிறந்தவர்; சம்பளம் டச்சுக் கம்பெனியில். கம்பெனிக்கு வேண்டியதெல்லாம் நல்லமிளகு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவோ அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தார். மிளகுக் கொடியும் கூடவே போயிற்று. இலங்கையிலிருந்த டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப், படையெடுத்து வருவேன் என்று மிரட்டிப் பார்த்தார். தாராளமாக வரலாம், நம்முடைய மீனவர்களைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்கு வரும் யோசனை நமக்கும் உண்டு என்று ராஜா பதில் சொன்னதாகக் கதை. வாய்ச்சவடாலில் முதல் ரவுண்டு திருவிதாங்கூருக்கு.

இரண்டாம் ரவுண்டு குளச்சலில். டச்சுக்காரர்கள் கரையிறங்கி, வேலியடைத்து உட்கார்ந்தார்கள். ராஜாவின் படை சுற்றி வளைத்தது. பீரங்கி போதாத இடத்தில் பனந்தடியை வண்டியில் ஏற்றி, கடலில் நின்ற கப்பல்காரர்களுக்குப் பூச்சி காட்டினார்கள் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய அடி வேறு. ஒரு குண்டு வெடிமருந்தில் விழுந்து, பற்றிய தீயில் கையிருப்பு அரிசி மொத்தமும் கருகியது. உலகத்தையே வளைக்க வந்த கம்பெனி சோற்றுக்கு வழியில்லாமல் கைதூக்கியது. பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர்.

எங்களுக்காக ஆடுகிறீரா என்றார் ராஜா. சிறையா, வேலையா என்று கேட்டால் யார்தான் யோசிப்பார்கள்? களரியில் வாளும் கேடயமுமாகத் துள்ளிப் பழகிய நாயர் வீரர்களை வரிசையில் நிறுத்தி, துப்பாக்கி பிடிக்கவும் கால் மாற்றி நடக்கவும் பழக்கும் வேலை. நேற்றுவரை எதிர்வரிசையில் நின்றவன் இன்று “அசையாதே” என்றால் எப்படி இருந்திருக்கும்? “என்னவே இது, சண்டைக்கு வந்தோமா, கைகொட்டிக்களிக்கு வந்தோமா?” என்று பின்வரிசையில் ஒருவராவது முனகியிருப்பார். ஏட்டில் அது இல்லை. ஏடு எழுதினவர் முன்வரிசைக்காரர்.

ஆனாலும் ஆள் நிலைத்துவிட்டார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் பலப்படுத்தினார். உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை போட்டார். ராஜா அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், ஆக்கினார். அவர் பழக்கிய படை வடக்கே போய் ராஜ்ஜியங்களைப் பிடித்தது. 1753-ல் பழைய முதலாளியான டச்சுக் கம்பெனியே மாவேலிக்கரையில் உடன்படிக்கை எழுதி ஒதுங்கிக்கொண்டது. அவர் வேலை பார்த்த வடக்கு எல்லை மதிலான நெடுங்கோட்டையில்தான் 1789-ல் திப்புவின் முதல் தாக்குதல் முறிந்தது.

இவ்வளவு செய்தவருக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் இடமில்லை. கிறிஸ்தவர் என்பதால் உதயகிரியிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. கோப்பையை வாங்கித் தரலாம், ஆனால் உடைமாற்றும் அறைக்குள் வரக்கூடாது. (அந்த அரண்மனையே பிடிவாதக்காரி. 1956-ல் மாவட்டம் முழுக்கத் தமிழ்நாட்டு அணிக்கு மாறியது. அவள் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில்தான்.)

புது அணியில் அவருக்குக் கிடைத்த ஒரு கூட்டாளியின் கதையில் மட்டும் நக்கலுக்கு இடமில்லை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. வீட்டில் அடுக்கடுக்காகக் கஷ்டம் வந்தபோது டிலனாய் அவருக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார். பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு கைது, சித்திரவதை, எருமைமேல் ஏற்றி ஊர்வலம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் ராஜாவின் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த ராஜாவுக்குத்தான் கப்பித்தான் தொடர்ந்து படை நடத்தினார். அவருடைய மகனும் திருவிதாங்கூருக்காகக் களக்காட்டுச் சண்டையில் இறந்தான்; வயது 19. புது அணியோடு ஒட்டவில்லை என்று இதற்குமேல் யாரும் அவரைச் சொல்ல முடியாது.

1777-ல் உதயகிரியிலேயே இறந்தார். கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. அரண்மனைக்குள் இப்போது அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், ராஜாவிடம் சரணடையும் ஓவியமாக. அதைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் ஆளையே பார்க்கலாம்.