உட்வார்டு சாலையிலிருந்து ஒரு கடிதம்

டிராய், மிச்சிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால் டெட்ராய்ட் வட்டாரத்தில் ஒரு வேலையும் ஓடாது. உட்வார்டு சாலையில் ஃபெர்ன்டேலில் தொடங்கி பாண்டியாக் ஊர் வரை, ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பழைய கார்களின் ஊர்கோலம். 1995-ல் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் போடக் காசு சேர்க்கலாம் என்று ஃபெர்ன்டேல்காரர்கள் ஆரம்பித்தது. இன்று அந்த மைதானத்தை நினைப்பார் யாருமில்லை. சாலையோரம் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஐஸ்பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் வண்டி பார்க்க வந்தவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? அபிப்பிராயம் சொல்ல வந்தவர்கள்!

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 1959 கேடிலாக்தான் கார், மற்றதெல்லாம் தகரம். பின்னால் இரண்டு பக்கமும் சுறாத் துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் என்பவரின் குழு பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948-ல் இதைச் சின்னதாக வைத்தது. பதினோரு வருஷத்தில் இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது. "இது எதற்கு?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். "அழகுக்கு" என்றார் பெரியவர். "பின்னால் வருகிறவன் கண்ணைக் குத்த" என்றார் அடுத்த நாற்காலி. அரைமணி நேரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்குப் பிடித்தது எட்சல். ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரை வைத்து 1958 மாடலாக ஃபோர்டு விட்ட வண்டி. அதில் கியர் மாற்றும் பொத்தான்களை ஸ்டீயரிங் நடுவிலேயே, ஹாரன் இருக்கவேண்டிய இடத்தில் வைத்திருந்தார்கள். ஹாரன் அடிக்கப் போய்க் கியரைத் தட்டியவர்கள் உண்டு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் உங்கள் கை எத்தனை கியர் மாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! 1959 நவம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். அன்று சிரித்த சனம், இன்று அது வந்தால் எழுந்து நின்று போட்டோ எடுக்கிறது.

இந்த நாற்காலிகளில் ஓடும் இன்னொரு கதை: காலை எடுத்தாலும் வேகம் மாறாமல் ஓடும் குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர். சிறுவயதிலேயே பார்வை போனவர். அவருடைய வக்கீல் பேசும்போது வண்டியை மெதுவாகவும், கேட்கும்போது வேகமாகவும் ஓட்டுவாராம். அந்த ஆட்டம் தாங்காமல்தான் இந்த யோசனை வந்தது என்று இங்கே சொல்வார்கள். நம் பெரியப்பா ஓட்டும் காரில் ஒருமுறை திருச்செந்தூர் போயிருந்தால் இன்னும் சீக்கிரமே கண்டுபிடித்திருப்பார்.

சண்டை முற்றுவது ரேடியோவில்தான். 1956-ல் கிரைஸ்லர் காரில் டேஷ்போர்டுக்கு அடியில் இசைத்தட்டுப் பெட்டியே வைத்தது. பள்ளத்தில் ஊசி குதிக்காமலிருக்க அழுத்தமாக வைத்தார்கள், தட்டு தேய்ந்தது. பெரியவர் அதையும் விட்டுக்கொடுப்பதில்லை. 2023-ல் ஃபோர்டு புது வண்டிகளில் ஏ.எம். ரேடியோவை எடுத்துவிடப் போகிறோம் என்றது. மின்சார வண்டியின் மோட்டார் ஏ.எம்.மில் கொரகொர சத்தம் போடும் என்பது கம்பெனிகளின் நியாயம். புயல் எச்சரிக்கை அதில்தானே வரும் என்பது எதிர்க்கட்சி. அரசியல்வாதிகள் போட்ட சத்தத்தில் சில வாரத்திலேயே ஃபோர்டு பின்வாங்கியது.

பெரியவரின் மருமகன் புது மின்சாரக் காரோடு வந்தார். ஏ.சி.யைக் குறைக்கத் திரையில் மூன்று பக்கம் தள்ளவேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு சிக்னல் போய்விட்டது. ஐரோப்பாவில் 2026 முதல் ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் போன்றவற்றுக்குக் கைக்குத் தட்டுப்படும் பொத்தானோ குமிழோ இல்லாவிட்டால் பாதுகாப்பு மதிப்பெண்ணில் கை வைக்கிறார்கள். நியாயம்தான்.

நான் கவனித்த வரையில், ஒவ்வொருவருக்கும் தான் பதினேழு வயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன காரே உலகின் கடைசி நல்ல கார். எழுபதைத் தாண்டியவர் 1969 மாடலுக்கு உயிரை விடுவார். நாற்பதைத் தாண்டியவர் தொண்ணூறுகளின் ஜப்பான் வண்டிக்கு. இந்தத் தொடுதிரைக்கும் நாளைக்கு ஒருவன் அழுவான். ஆனால் ரேடியோவுக்குக் குமிழ்தான் சரி. அதில் நான் பெரியவர் கட்சி.

அடுத்த ஆகஸ்டுக்கு விசா எடுத்து வாருங்கள், சித்தப்பா. நாற்காலி என் பொறுப்பு. பழைய அம்பாசடரில் ஸ்டீயரிங்கோடு ஒட்டிய கியரை வைத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறியதைச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன் முறை
குமார்