பத்மினி காரின் உறுப்புமாற்றியல்: பீங்கான் ஃபியூஸை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நன்றாக ஓடும் பழைய காரில் நன்றாகவே இயங்கும் அசல் உறுப்பை மாற்றலாமா, கூடாதா? தொல்காப்பியத்தில் விடை இல்லை. இளம்பூரணர் மௌனம் சாதிக்கிறார். நச்சினார்க்கினியர் கார்பரேட்டரை மறுத்து ஒரு வரியும் எழுதவில்லை. ஆகவே அவருக்கு அதில் உடன்பாடு என்று கொள்வதே ஆய்வு மரபு.

ஆய்வுப்பொருள், ஃபியட் 1100 டிலைட்டாக இருந்து 1974-இல் பெயர் மாறிய 1089 சிசி பிரீமியர் பத்மினி. களம், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். பொருத்தம் போகப்போகத் தெரியும்.

2. சட்டநெறி

2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் காணாத வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள எண் தகடு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. அசல் என்று அரசே ஒப்புக்கொண்ட வண்டி, அசலில் தான் பார்த்த வேலையை மட்டும் பார்க்கக் கூடாது.

3. வகைப்பாடு

விருத்தகிரீசுவரர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தேரும் ஐந்து. ஆகவே காரின் உறுப்புகளும் ஐந்தே. ஆறாவது கிடைத்தால் அது இடைச்செருகல்.

அ) டைனமோ: ஐட்லிங்கில் விளக்கு மங்கும். பழகிக்கொள்க.

ஆ) பாயின்ட்: தேய்ந்தால் வண்டி திக்கும். உப்புத்தாள் போதும்.

இ) பிரேக் ஹோஸ்: ரப்பர். உள்ளுக்குள் ஊதி அடைத்தாலும் வெளியே பளபளப்பு குறையாது. மாற்றுக.

ஈ) ஹாரன்: தனி நூல் வேண்டும், நிதி வந்தால் எழுதப்படும்.

உ) ஃபியூஸ்: கீழே காண்க.

4. ஃபியூஸ்

நீளம் 25 மிமீ. இரு முனையும் கூம்பிய பீங்கான் துண்டு. முதுகில் ஒரு பள்ளம். அதன்மேல் முனைக்கு முனை ஓடும் மெல்லிய உலோகப் பட்டை. பீங்கான் வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு என்றால் 16.

இங்கேதான் அறிவுலகம் இடறுகிறது. 'இயங்கும் அசல் ஃபியூஸ்' என்று ஒன்று உண்டா? ஃபியூஸின் இயக்கம் என்பது உருகிச் சாவது. இயங்கியிருந்தால் அது இப்போது இல்லை. இருக்கிறது என்றால் இன்னும் இயங்கவில்லை. ஐம்பது வருடமாக வேலையே செய்யாமல் பதவியில் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. (இந்த இலக்கணம் சில துறைத்தலைவர்களுக்கும் பொருந்தும் என்பது டீக்கடை மரபு: பாலக்கரை பெஞ்சுரை, காலைப் பதிப்பு.)

பட்டை உருகியபின் பழைய பீங்கானிலேயே புதுப் பட்டை பொருத்தினால் அது அசலா? உடம்பே அசல் என்பர் பீங்கானியர். உயிரே அசல் என்பர் பட்டையர். உடம்பு அழியும், உயிர் நிலைக்கும் என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய சித்தாந்திகள், உயிர் உருகி உடம்பு நிலைக்கும் இந்த ஒரே விதிவிலக்கைக் கவனிக்கத் தவறினர் (மேற்படி பெஞ்சுரை, மாலைப் பதிப்பு, போண்டா மடித்த தாள், பக்க எண் எண்ணெயில் மறைந்தது).

மூன்றாம் அணி செம்புக் கம்பியர். கிடைத்த கம்பியைச் சுற்றிவிடுவர். ஃபியூஸ் அமரத்துவம் எய்தும், வயரிங் எரியும் (மேற்படி, திருத்திய பதிப்பு, கரிந்த ஓரங்களுடன் கிடைத்த ஒரே படி, பாடபேதம்: 'டேஷ்போர்டும் எரியும்').

பின்னாளில் பிளாஸ்டிக் ஃபியூஸும் வந்தது. கிளிப் தளர்ந்தால் முனை சூடேறும், பிளாஸ்டிக் இளகும், பிடி இன்னும் தளரும். சூளையில் வெந்து வந்த பீங்கானுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டல்ல. சூளைகள் நிறைந்த ஊரில் இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை; ஆனால் முனைவர் பட்டத்துக்குத் தேவைப்படுகிறது.

5. முடிபு

சாவதற்கு முன் சொல்லிவிடும் உறுப்பை வைத்துக்கொள்க. சொல்லாமல் சாவதை, ஓடும்போதே மாற்றுக. பழையது என்பதும் அசல் என்பதும் இதற்குப் பிறகே.

இக்கட்டுரை பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. பணம் கட்டிய அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. பீங்கானியருக்கும் பட்டையருக்கும் மூண்ட சண்டை சாப்பாட்டு மணி வரை நீண்டது. பிரேக் ஹோஸ் பற்றி வாய் திறந்தவர் ஒருவரே, தலைவரை அழைத்து வந்த டிரைவர்: "ஐயா, நம்ம வண்டி ஹோஸ எப்ப மாத்துறது?" கேள்வி ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்று தலைவர் தள்ளுபடி செய்துவிட்டு, அதே வண்டியில் ஏறிப் போனார்.