கட்டற்ற கணினிக்கு வந்த புதியவரின் வினாவும் விடையும்

பாயிரம்

நன்னூலைச் செய்தவர் பவணந்தி முனிவர், செய்வித்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கச் சோழன் காலத்துச் சிற்றரசனான அவன், கோலாரைப் பழைய தலைநகராகக் கொண்ட கங்கர் மரபினன். அந்தக் கோலாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது தங்கவயல். தங்கவயல்காரர் ஒருவர் தம் பழைய லேப்டாப்பில் உபுண்டு என்னும் லினக்ஸ் போட்டுவிட்டு, அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்று திகைக்கும்போது கையில் எடுக்கத் தகுந்த நூல் நன்னூல். வினா ஆறு, விடை எட்டு என்று அதன் பொதுவியல் வகுத்திருப்பது இன்றைக்கும் அப்படியே பயன்படுகிறது.

இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவருக்கு லினக்ஸ் ஒரு நேர்வழி. அதை யாரும் இயக்கலாம், படித்தறியலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் அதன் உரிமத்திலேயே உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கிறது. காசு வாங்கியவர் இல்லை என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் இல்லை. ஆகவே தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்யும் உதவியை இந்த மென்பொருளின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் புதியவருக்கு மற்ற சுதந்திரங்கள் ஏட்டளவில்தான்.

வினா இயல்

ஆறு வினாக்களில் புதியவருக்கு உரியவை மூன்று. ‘வைஃபை ஏன் வரவில்லை?’ என்பது அறியா வினா. ‘உபுண்டு போடலாமா, மின்ட் போடலாமா?’ என்பது ஐய வினா. ‘உங்களிடம் உபுண்டு ஏற்றிய பென்டிரைவ் இருக்கிறதா?’ என்பது கொளல் வினா. மூன்றும் கேட்கத் தகுந்தவையே. எதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் வினா முழுமையாக இருக்க வேண்டும். தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கூண்டை இயக்குபவர் மேலே, ஆட்கள் கீழே. இருவருக்கும் இடையில் மணியடிதான் மொழி. அடி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பொருள் வேறு. கணினி உதவியும் அப்படித்தான். பதில் சொல்பவர் உங்கள் திரையைப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது மட்டுமே அவருக்குத் தெரியும்.

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவியை நினைத்துக்கொள்வோம். ‘அண்ணா, லினக்ஸ் வேலை செய்யலை’ என்று அவர் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. ‘அண்ணா, பழைய டெல் லேப்டாப், உபுண்டு 24.04 நேத்து போட்டேன். வைஃபை அடையாளமே காட்டலை. விண்டோஸ்ல நல்லா வந்துச்சு’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. கணினி, பதிப்பு, செய்தது, கண்டது ஆகிய நான்கும் வினாவின் உறுப்புகள். திரையில் பிழைச்செய்தி வந்தால் அதைச் சுருக்காமல் எழுத்து மாறாமல் தர வேண்டும்.

விடை இயல்

விடை எட்டையும் மேற்படி மாணவியை வைத்தே பார்க்கலாம்.

வினா எதிர் வினாதல் முதலில் வரும். ‘எந்த வைஃபை சிப்னு பாரும்மா. டெர்மினல் திறந்து எல்எஸ்பிசிஐனு அடி, வர்றதை அப்படியே அனுப்பு’ என்பது தட்டிக்கழிக்கும் கேள்வி இல்லை, நோயறியும் கேள்வி. பிராட்காம் என்று வந்தால் அடுத்தது சுட்டு. ‘போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடு. இன்டர்நெட் வரும். அடிஷனல் டிரைவர்ஸ் திறந்து, அதில் காட்டுகிற பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடு. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்.’ எங்கே தொட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவதால் இதுவே புதியவருக்கு முதன்மையான விடை.

‘தமிழில் டைப் பண்ண முடியுமா?’ என்பதற்கு ‘முடியும், தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்’ என்பது நேர். ‘ஃபோட்டோஷாப் ஓடுமா?’ என்பதற்கு ‘அடோபி லினக்ஸுக்கு அதை வெளியிடவில்லை’ என்பது மறை. ஆசை காட்டாமல் சொல்லும் மறையும் உதவியே. அதோடு ‘கிம்ப் இருக்கிறது’ என்று சேர்த்தால் இனமொழி. ‘டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவு என்பதை அமுக்கினால் உன் படமெல்லாம் போய்விடும், முதலில் நகல் எடு’ என்பது உறுவது கூறல். இதைச் சொல்லாமல் விட்டவர் மற்ற ஏழையும் சொல்லிப் பயனில்லை.

எஞ்சியவை இரண்டு. ஏவல் என்பது ‘நீயே செய்துகொள்’ என்னும் விடை. கையேட்டைப் படி என்று சொல்லி நகர்வது இவ்வகை. இலக்கணம் இதையும் விடையாக ஏற்கிறது; புதியவருக்கு முதல் விடையாக இது தகாது. எந்தக் கையேட்டில் எந்தப் பகுதி என்று கேட்டவருக்குத் தெரியாதே. உற்றது உரைத்தல் என்பது தனக்கு நேர்ந்ததைச் சொல்வது. ‘எனக்கும் இதே சிப், இதே சிக்கல், இப்படிச் செய்தேன், வந்தது’ என்ற ஒரு வரி, புதியவரின் பயத்தையும் சிக்கலையும் சேர்த்தே தீர்க்கிறது.

முடிபு

இப்படி உதவுபவர்கள் இருக்கிறார்கள். சென்னை, விழுப்புரம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தருகிறது. பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில் தன்னார்வலர்கள் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் அமைத்து, அங்குள்ள பிள்ளைகளுக்கு லினக்ஸும் கிம்ப்பும் கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்த ஆள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின், மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் ஊர் தங்கவயல். அந்த ரயிலில் கணினி வேலை தெரிந்தவர்களும் போகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஒரு சிக்கல் தீர்ந்தால் அன்றே எழுதிவையுங்கள்: எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன ஆனது. தமிழில் எழுதுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பள்ளி முடித்து, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவருக்குக் குரலில் பதிந்து அனுப்புங்கள். கேட்பவரை ஒருபோதும் வெறுங்கையோடு திருப்பாதீர்கள்.