மகாராணியின் அடுப்பும் அத்தையின் சிலிண்டரும்

மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்கு வரும் ஆண்கள் நேராக நீராவி எஞ்சினிடம் போகிறார்கள். படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே தலையை நீட்டி ஒரு படம். குழந்தைகள் பொம்மை ரயிலுக்கு ஓடுகின்றன. நாற்பதைத் தாண்டிய பெண்கள் மட்டும் மகாராணியின் சலூன் பெட்டிக்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள். 1899ஆம் ஆண்டுப் பெட்டி. சமைக்க இடம் உண்டு, உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு, ராஜ குடும்பத்துக்கென்று கழிப்பறையும் உண்டு. மர வேலைப்பாட்டைப் பார்த்து வியப்பதற்காக அவர்கள் நிற்பதாக நினைத்துவிடாதீர்கள். அடுப்புப் புகை எந்த வழியாக வெளியேறும், பாத்திரம் கழுவின தண்ணீர் எங்கே போகும், ஓடுகிற வண்டியில் ரசம் தளும்பாதா என்று மனதுக்குள் குடித்தனம் நடத்திப் பார்க்கிறார்கள்.

நான் மைசூரில் குடியிருப்பதால் ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே கூட்டிப்போவது என் வேலை. அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் பிருந்தாவனத்துக்கும் அவர்களே போய்விடுவார்கள். 1979-ல் திறந்த இந்த அருங்காட்சியகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கே.ஆர்.எஸ். சாலையில்தான் இருக்கிறது, ஆனாலும் யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போகாவிட்டால் வரமாட்டார்கள்.

அந்தப் பெட்டியின் காலத்தைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1897-ல் மைசூரின் பழைய மர அரண்மனை, இளவரசியின் கல்யாணச் சமயத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது. புதியது கட்ட ஹென்றி இர்வினை அழைத்தார்கள்; சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கும் எழும்பூர் ரயில் நிலையத்துக்கும் திட்டம் வரைந்தவர். வேலை முடிய 1912 ஆகிவிட்டது. ஆக, நிற்கிற வீடு முடிவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே ஓடுகிற வீடு தயார். அப்போது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பதினைந்து வயதுப் பையன். அவருக்குப் பதிலாக ராஜ்யத்தை நடத்தியவர் அம்மா கெம்பநஞ்சம்மண்ணி. இதை நான் விளக்கியதும் என் அத்தை தலையாட்டினார். "பொம்பளை கையில பொறுப்பு இருந்துச்சுன்னா சமையல்கட்டு வேலைதான் கண்ணு மொதல்ல முடியும்."

மகாராணிக்கு 1899-லேயே ரயிலில் கழிப்பறை. சாதாரண வகுப்புப் பிரயாணிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1909-ல் வங்காளத்தில் ஒகில் சந்திர சென் என்பவர் பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ரயிலேறி, வயிறு தாங்காமல் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்க, கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் வேட்டியுமாக ஓடிவந்து விழுந்தவர், ரயில்வேக்கு எழுதிய புகார்க் கடிதம் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாதாரணப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததே அந்தக் கடிதத்தால்தான் என்பார்கள். என்னைக் கேட்டால் எழும்பூர் வாசலில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இனி அத்தையின் வண்டி. என் சித்தப்பா ஈரோட்டில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு பள்ளிக்கூடம் ஏலம் விட்ட பழைய மேட்டடார் வேனை அவர் எடுத்து வைத்திருக்கிறார். மேட்டடார் பூனாவில் பஜாஜ் டெம்போ செய்தது; வம்சம் ஜெர்மனி. அதன் ஜெர்மன் சொந்தங்களுக்கு அங்கே கட்டிலும் திரைச்சீலையும் வைத்துக் கேம்பர் வண்டியாக்கி ஏரிக்கரைகளில் நிறுத்திக்கொண்டார்கள். நம்மிடம் வந்தது பால் வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வேனாகவும் உழைத்தே தேய்ந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி கொதித்துக்கொண்டே இருக்கும். வடிவமைத்தவர்கள் அதை ஒரு குறையாகத்தான் நினைத்திருப்பார்கள். அத்தை அதன்மேல் இட்லி மாவுத் தூக்கை வைத்துவிடுவார். பவானியில் வைத்தால் சாம்ராஜ்நகர் தாண்டும்போது மாவு பொங்கி நிற்கும்.

மே மாதம் பிறந்தால் இந்த வண்டி பண்ணாரி அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறி, எலுமிச்சம்பழ வாசனையோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இறங்குவது மனிதர்கள் மட்டுமல்ல. பவானி ஜமுக்காளம், சிலிண்டர், இரட்டை அடுப்பு, அண்டா, அரிவாள்மணை, பருப்புப் பொடி, ஒரு மூட்டை பொன்னி அரிசி, கடைசியாக வாய் கட்டின ஒரு குடம் தண்ணீர். அது பவானி கூடுதுறையில் பிடித்த காவிரித் தண்ணீர். "இந்த ஊர்த் தண்ணி எப்படி இருக்குமோ" என்பது அத்தையின் கவலை. இந்த ஊர்த் தண்ணீரும் காவிரிதான் அத்தை, இங்கேயிருந்துதான் அங்கே வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. காவிரி இங்கிருந்து அங்கே போவதற்கு இரண்டு மாநிலங்களும் நூறு வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்தின. நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் பார்த்தாயிற்று. அத்தை ஒரு நயாபைசா வழக்குச் செலவில்லாமல் ஒரு குடத்தை இங்கேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இதை என் பக்கத்து வீட்டு கன்னடக்காரரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, குடத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார்.

அத்தைக்குப் பெரிய இடத்து முன்னோடி உண்டு. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் புறப்பட்ட ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், கிட்டத்தட்ட ஆளுயர வெள்ளிக் கொப்பரைகளில் கங்கை நீரைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். ஒவ்வொன்றும் 4000 லிட்டர் கொள்ளும். ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் எதையோ ஒன்றை விட்டுவர முடிவதில்லை. சிலருக்குத் தண்ணீர், சிலருக்கு அடுப்பு, சிலருக்குக் கழிப்பறை. அந்த ஒன்றுக்குச் சக்கரம் மாட்டியதும் அது கேரவன் ஆகிவிடுகிறது. பழைய கேரவன்களைப் பார்க்க எனக்குப் பிடிப்பதற்குக் காரணமும் இதுதான். உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த ஆள் எதற்கு அஞ்சினார் என்பது தெரிந்துபோகும்.

ஓய்வுபெற்றதிலிருந்து சித்தப்பா ஃபோனில் பழைய கேம்பர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவரால்தான் எனக்கு வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் அறிமுகம். இங்கிலாந்துக் கடற்படையில் டாக்டராக இருந்து, பிறகு பையன்களுக்குச் சாகசக் கதை எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் ஒரு கம்பெனியிடம் 'வாண்டரர்' என்று வண்டி செய்து வாங்கி, இரண்டு குதிரை பூட்டி, ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். உல்லாசத்துக்கென்றே செய்த முதல் கேரவன்களில் அது ஒன்று. ஊர் சந்தடியே வேண்டாம், நாடோடியாகத் திரிவோம் என்று கிளம்பியவர்; கூடவே ஒரு வண்டிக்காரன், ஒரு வேலைக்காரன், ஒரு பெரிய நாய், பாலி என்கிற கொண்டைக்கிளி. வண்டி இரண்டு டன்; குறுகலான சாலையில் எதிரே ஏதாவது வந்தால் ஒதுங்க முடியாது. அதனால் வேலைக்காரன் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் கொடுத்துத் தனிமையை அனுபவிப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

சித்தப்பாவின் மனம் கவர்ந்தது அமெரிக்காவின் போலஸ் ரோடு சீஃப். 1934ஆம் வருஷத்து வண்டி. காரின் பின்னால் மாட்டி இழுப்பது. உடம்பு முழுக்க அலுமினியத் தகடும் ரிவெட்டும். செய்தவர் ஹாலி போலஸ். லிண்ட்பெர்க் ஒற்றை ஆளாக அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தைக் கட்டிய வேலையை மேற்பார்த்தவர். விமானம் செய்தவர் வீடு செய்தால் எப்படியிருக்கும்? பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வாசல் வண்டியின் மூக்கில். காரோடு கோக்கும் இரும்புத் தண்டைத் தாண்டிக் காலை வைத்து ஏற வேண்டும். போலஸின் கம்பெனி நொடித்த பிறகு வாலி பயம் என்பவர் வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தார். இதைக் கேட்ட பெரியப்பா, முன்பக்கம் இருந்த தலைவாசலை மாற்றியது தப்பு என்றார். வாஸ்துப்படி முதலில் வண்டி எந்தத் திசை பார்க்கிறது என்று தெரிய வேண்டுமே என்று சித்தப்பா மடக்கினார். அப்படியானால் திம்பம் மலையில் அது எல்லாத் திசையும் பார்க்கும், தோஷமில்லை என்று பெரியப்பா முடித்துவைத்தார்.

அந்த ஏர்ஸ்ட்ரீம்தான் பிறகு நிலவு வரை சம்பந்தம் வைத்துக்கொண்டது. 1969-ல் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் திரும்பி வந்தபோது, நிலவிலிருந்து கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று பயந்து, ஏர்ஸ்ட்ரீம் வண்டி ஒன்றை மாற்றியமைத்து அதற்குள் அடைத்துவிட்டார்கள். அதிபர் நிக்சனே கப்பல் தளத்தில் வெளியே நின்று, ஜன்னல் வழியாக மைக்கில் பேசினார். எழவு வீட்டுக்குப் போய்வந்தவனை வாசலிலேயே நிறுத்திவைக்கிற மாதிரிதான். நிலவில் நடந்தாலும் தீட்டு தீட்டுதான் என்று அத்தை திருப்திப்பட்டார். அமெரிக்கர்கள்மேல் அவருக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

நம் பக்கத்தில் கேரவனைப் பிரபலமாக்கியது சினிமா. கதாநாயகர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்க, படப்பிடிப்பு முடியும்வரை ஓர் அடிகூட நகராமல் நிற்கும். இப்போது சுற்றுலாவுக்கும் வந்திருக்கிறது. கேரளம் 2021-ல் 'கேரவான் கேரளா' என்று ஒரு திட்டம் தொடங்கி, வண்டி நிறுத்துவதற்கென்றே பூங்காக்கள் அமைக்கச் சொன்னது. வாடகைக்கு விடும் வண்டி ஒன்று ஒருநாள் மைசூரில் என் நண்பர் வீட்டருகே நின்றது. அத்தையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஏறினார், பார்த்தார், இறங்கினார். கட்டில் அருமை, மெத்தை அருமை, டி.வி. அருமை. "ஆனா கண்ணு, கக்கூசுக்கும் அடுப்புக்கும் ரெண்டு மொழம்கூட இல்லையே. இதுல கொழம்பு வெச்சா யாரு திம்பா?" உலகத்து கேரவன் கம்பெனிகள் பல வருஷமாகத் தீர்க்காத சிக்கலை ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஓட்டிவந்த பையன் இண்டக்ஷன் அடுப்பின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தான். அதில் அப்பளம் சுட முடியுமா என்று அத்தை கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

இதற்கு விடை சித்தப்பாவின் ஃபோனில் இருந்தது. 1930களில் அமெரிக்கர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே தட்டிச் செய்துகொண்ட, நீர்த்துளி வடிவத்துக் குட்டி வண்டிகள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் அடுப்பும் அலமாரியும். சமைக்கிறவர் வெளியே தரையில் நின்று சமைக்க வேண்டும். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது குடும்பம் நடத்தினவங்க செஞ்சது" என்றார். அதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

இந்த வருஷம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நேரே ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். காவிரிக் கரையில் ஜமுக்காளத்தை விரித்து, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் முடிந்தபின், சித்தப்பா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மேட்டடாருக்குப் படம் போட ஆரம்பித்தார். வண்டியைக் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்புவதாகத் திட்டம். பின்கதவில் அத்தையின் அடுப்பு. சிலிண்டருக்குத் தனிக் கூண்டு. பெரியப்பாவுக்கு மூட்டுவலி, ஆகையால் வெஸ்டர்ன் கழிப்பறை, அதுவும் அடுப்புக்கு எதிர்க்கோடியில். எதிர்க்கோடியில் டிரைவர் சீட் இருந்தது. பாட்டிக்குச் சாமி மாடம். யாரோ ஊஞ்சல் கேட்டார்கள். நான் மட்டும் இடையில் புகுந்து, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடாது, அனுமதி வாங்க வேண்டும், கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று ஒரு தரநிலை இருக்கிறது என்றேன். படித்தவர்களை இதற்குத்தான் கூட்டிவரக்கூடாது என்று முடிவாயிற்று.

ஈரோட்டிலிருந்து கூட்டிவந்த ஆக்டிங் டிரைவர் இவ்வளவு நேரமும் வேப்பமரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்துவந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இனிமே வண்டியே வீடுங்களா?"

"ஆமாப்பா. லாட்ஜ் செலவு மிச்சம் பாரு."

"எனக்கு நைட் ஹால்ட் பேட்டா உண்டுங்கள்ல?"

சித்தப்பா பேனாவை மூடினார். "வீட்டுலயே படுக்கறவனுக்கு என்னத்துக்குப்பா ஹால்ட் பேட்டா?"

"வீடு உங்களுதுங்ண்ணா. நான் வேலைக்கு வந்தவன்."

திம்பம் பாதையை இரவில் மூடிவிடுவார்கள் என்பதால் அவசரமாக மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். மறுநாள் அத்தை ஃபோன் செய்தார். இருபத்தேழு வளைவிலும் பேட்டாப் பேச்சுதானாம். பண்ணாரியில் காப்பி குடிக்கும்போது பாதிப் பேட்டா, மூன்று வேளைச் சாப்பாடு என்று பேசி முடித்திருக்கிறார்கள். டிரைவர் இன்னொரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: கழிப்பறையை அவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்தால் அது அடுப்புக்குப் பக்கத்தில்தான் வரும். அதனால் கரூர் வேலை இப்போதைக்கு நிற்கிறது.