தங்கவயல் சுரங்கத்தில் வி.ஐ.பி. பார்க்கிங்

பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் மேட்ச் என்றால் போக்குவரத்துப் போலீஸ் முன்கூட்டியே ஓர் அறிவிப்பு விடும். வண்டி நிறுத்தக் கூடாத தெருக்களின் பட்டியல் அது. எம்.ஜி. ரோடு, கப்பன் ரோடு, குயின்ஸ் ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, மியூசியம் ரோடு, கஸ்தூர்பா ரோடு, லாவெல் ரோடு, விட்டல் மல்லையா ரோடு என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாதி படிப்பதற்குள் நமக்கே புரிந்துவிடும்: எந்தத் தெருவில் நிறுத்தலாம் என்று கேட்பது வீண், எந்த ஊரில் நிறுத்தலாம் என்றுதான் கேட்க வேண்டும். பதில், கோலார் தங்கவயல். நூறு கிலோமீட்டர் தள்ளி, ராபர்ட்சன்பேட்டையில், அவரவர் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு டிவியில் பார்க்கலாம். ‘நீ வராதே’ என்பதை இதைவிட மரியாதையாக ஓர் அரசாங்கத்தால் சொல்ல முடியாது.

அந்தப் பட்டியலில் லாவெல் ரோடு இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லாவெல் என்கிற ஐரிஷ்காரர் பட்டாளத்து வேலை முடிந்து பெங்களூரில் தங்கியவர். 1870-களில் மைசூர் சமஸ்தானத்திடம் கோலாரில் தங்கம் தேட உரிமம் வாங்கினார். கைக்காசு கரைந்ததும் உரிமத்தைக் கைமாற்றிவிட்டார். 1880-இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்குப் பின்னால் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் எங்கள் தாத்தாக்கள் வந்தார்கள். லாவெல் வாங்கியது காகிதம், இவர்கள் இறங்கியது குழி. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இடத்தில், ஏர்பிளாஸ்ட் என்கிற பாறை வெடிப்பு எப்போது தலையில் இறங்கும் என்று தெரியாமல் தோண்டினார்கள். ஏறத்தாழ 120 வருடத்தில் மேலே வந்த தங்கம் 800 டன். லாவெலுக்கு ஊர் நடுவில் ஒரு தெரு கிடைத்தது. தோண்டினவனின் பேரன் மேட்ச் நாளில் அந்தத் தெரு ஓரத்தில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டால் அபராதம்.

சட்டம் எல்லோருக்கும் பொது என்று யாராவது சொன்னால், மேட்ச் அன்று சாயங்காலம் குயின்ஸ் ரோட்டு முனையில் அரைமணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். பாரிகேடு எல்லோருக்கும் பொதுவாகத்தான் மூடியிருக்கும். கண்ணாடியில் பாஸ் ஒட்டிய கார் வந்ததும் அதே பாரிகேடு வழுக்கிக்கொண்டு விலகும், அதைப் பிடித்திருக்கும் கான்ஸ்டபிளின் இன்னொரு கை நெற்றிக்குப் போகும். உள்ளே போகிற மகானுபாவர் யார் என்கிறீர்கள்? டாஸ் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாதவர். ஐந்து ஓவர் கழித்து வருவார், டிஃபன் எங்கே என்று கேட்பார், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பார், டிராஃபிக் ஆகிவிடும் என்று பதினைந்தாவது ஓவரில் கிளம்பிவிடுவார். டிராஃபிக்கே இவர்தான் என்று அவரிடம் யார் சொல்வது?

தங்கவயலிலிருந்து வருஷக்கணக்காக வருகிறவன் கதை வேறு. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கிற மேட்ச் முடியப் பதினொன்றரை ஆகும். அந்நேரத்துக்கு எங்கள் ஊருக்குத் திரும்பும் மாரிக்குப்பம் ரயில் எப்போதோ போயிருக்கும். ஆகவே வண்டியில்தான் வந்தாக வேண்டும். ஹொஸ்கோட்டே வரை காற்றாக வந்து சேரலாம், சென்னை எக்ஸ்பிரஸ்வே எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேத்தமங்கலா வரைக்கும் வந்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் பக்தனுக்குச் சோதனை.

மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனை. ஒரு பையன், கழுத்தில் விசில், மேலே பச்சை ஜாக்கெட். சாதாரண நாளில் இருபது ரூபாய் வாங்குகிற இடம். ‘மேட்ச் டே சார், நூறு’ என்றான். ரசீது கேட்டேன். துணிக்கடை பில் புத்தகம் மாதிரி ஒன்றிலிருந்து கிழித்துக் கொடுத்தான். வரிசை எண் இல்லை, முகவரி இல்லை, ‘20’ என்று அச்சடித்ததைப் பேனாவால் அடித்து மேலே ‘100’. அதன் கீழே பொடி எழுத்தில் ‘வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. எந்த நிர்வாகம் என்று கேட்டால் விசிலை ஊதினான். பின்னாடி இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நூறைக் கொடுத்தேன். அந்தப் பையனிடம் எனக்குக் கோபமில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பையன் மாதிரிதான் இருந்தான், கேட்டால் ஆண்டர்சன்பேட்டை என்றுகூடச் சொல்லியிருப்பான். அந்த நூறில் அவனுக்கு எவ்வளவு, ‘நிர்வாக’த்துக்கு எவ்வளவு, தெருமுனையில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கிரிக்கெட் பைத்தியத்துக்கு இதெல்லாம் வேண்டியதுதான் என்று ஃபுட்பால்காரர்கள் சிரிக்க வேண்டாம். தங்கவயல்காரனுக்கு முதலில் பிடித்த பைத்தியமே கால்பந்துதான். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து இருமலோடு மேலே வந்தவர். அவரைக் கேட்டால் ஆரம்பித்துவிடுவார். 1948 ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலைப் போட்டது பெங்களூர்ப் பையன் சாரங்கபாணி ராமன் என்பார். 1968-69-இல் மைசூர் (இன்றைய கர்நாடகம்) அணி சந்தோஷ் டிராஃபியைத் தூக்கியதை நேற்று நடந்தது போலச் சொல்வார்.

‘தம்பி, மாரிக்குப்பத்துல ஏறுவோம், கன்டோன்மென்ட்டுல இறங்குவோம், நடந்தே போயிடுவோம். கையில டிக்கெட் காசு, மடியில பொட்டலம், அவ்ளோதான். இப்ப வண்டி நிறுத்தறதுக்கு டிக்கெட்டை விட ஜாஸ்தி கேக்கறான்.’

அந்த 1969-க்கு அப்புறம் சந்தோஷ் டிராஃபி கர்நாடகத்துக்கு வந்தது 2023 மார்ச்சில். 54 வருடம். பெரியவர் அத்தனை வருடம் காத்திருந்தார். ஃபைனலை எங்கே வைத்தார்கள் தெரியுமா? சவூதி அரேபியாவில், ரியாத்தின் கிங் ஃபஹத் மைதானத்தில். நம் ஃபெடரேஷன் பெரிய மனதுடன் பார்க்கிங் பிரச்சினையை அடியோடு தீர்த்துவிட்டது. பெரியவருக்கு பாஸ்போர்ட் இல்லாததுதான் ஒரே குறை. மேகாலயாவை 3-2 என்று ஜெயித்ததைப் பேரனின் ஃபோனில் பார்த்தார்.

நம் ஊர் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிற ஃபுட்பாலுக்கு — நம் ஃபுட்பால் இல்லை, கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அது — வருகிற கூட்டத்தைப் பார்த்தால் நம் ஐ.பி.எல். சின்னப் பிள்ளை. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், அந்த ஆன் ஆர்பர் ஊரின் ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். சனிக்கிழமை மேட்ச் என்றால் எதிரே இருக்கிற கோல்ஃப் மைதானத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிடுகிறார்கள், வீட்டுக்காரர்கள் வாசல் புல்வெளியை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கேயும் பழைய ரசிகர்கள் குமுறத்தான் செய்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து நிறுத்திய இடம் இப்போது நன்கொடை அதிகம் கொடுத்தவருக்குப் போகிறது, இவர்களைத் தள்ளித் தள்ளி ஊருக்கு வெளியே அனுப்புகிறார்கள். ஆனால் அவன் காசைக் காட்டித் தள்ளுகிறான், கணக்காவது இருக்கிறது. இங்கே ஒரு ஃபோன் கால் போதும்.

சியாட்டிலில் இன்னும் வேடிக்கை. அங்கே பல்கலைக்கழக மைதானம் ஏரிக்கரையில் இருக்கிறது, ரசிகர்கள் படகிலேயே வந்து கட்டிவிட்டு மேட்ச் பார்க்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. படகில் வரும் யோகம் பெங்களூருக்கும் இருந்ததே! கண்டீரவா மைதானம் இருப்பது சம்பங்கி ஏரியில். அசோக் நகர் ஃபுட்பால் மைதானம் இருப்பது சூலே ஏரியில். ஹாக்கி மைதானம் அக்கித்திம்மனஹள்ளி ஏரியில். மூன்று ஏரியைத் தூர்த்து மூன்று மைதானம் கட்டிய மேதைகளுக்கு, பார்க்க வருகிறவன் எதிலாவது ஏறித்தானே வருவான், அதை எங்கே விடுவான் என்று மட்டும் தோன்றவில்லை. படகுக்கும் வழியில்லை, பைக்குக்கும் இடமில்லை. மழை பெய்தால் மட்டும் ஏரி தன் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வந்துவிடும்.

‘வண்டி எதற்கு, மெட்ரோவில் வாருங்கள்’ என்பதுதான் அதிகாரிகளின் நிரந்தர உபதேசம். சரி, அந்த உபதேசத்தை ஊரே கேட்ட ஒரு நாளைப் பார்ப்போம். 2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத்தில் ஆர்.சி.பி. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை ஜெயித்தது. மறுநாளே பெங்களூரில் கொண்டாட்டம். மைதானத்தைச் சுற்றி நிறுத்த இடம் குறைவு, பொதுப் போக்குவரத்தில் வாருங்கள் என்றார்கள். வந்தார்கள். அன்று மட்டும் மெட்ரோவில் ஏறியவர்கள் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். கப்பன் பார்க் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்த முடியாமல் போகிற அளவுக்குக் கூட்டம். விதான சௌதா படிக்கட்டில் அமைச்சர்களும் அவர்கள் பிள்ளைகளும் வீரர்களோடு ஃபோட்டோவுக்கு நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், சின்னசாமி மைதான வாசல்களில் பதினோரு பேர் மிதிபட்டும் மூச்சுத் திணறியும் செத்தார்கள். எல்லாம் சின்ன வயசு. அவர்கள் செத்தது நோ பார்க்கிங்கில் வண்டி விட்டதால் இல்லை. சொன்னபடி வந்த கூட்டத்தில் சிக்கியவர்கள். உள்ளே கோப்பையைத் தூக்கிக் காட்டும் வேலை அதன்பிறகும் நடந்தது. அப்புறம் கமிஷன் போட்டார்கள், போலீஸ் கமிஷனரை சஸ்பெண்ட் செய்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். அன்றைக்கும் வி.ஐ.பி. கார்களுக்கு இடம் இருந்தது. ஒரு காருக்கு எத்தனை சதுர அடி என்று கணக்குத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு மனிதன் மூச்சுவிட எத்தனை சதுர அடி வேண்டும் என்று தெரியவில்லை.

இதற்கெல்லாம் அரசாங்கம் யோசித்து வைத்திருக்கிற வழி என்ன? ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை 16 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கச் சாலை. மதிப்பீடு 17,000 கோடி ரூபாய்க்கு மேல். காருக்காக. இதைப் பற்றிக் கேள்வி வந்தபோது, காரில்லாத பையனுக்கு இன்றைக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று 2025 அக்டோபரில் துணை முதல்வர் டி.கே.சிவகுமார் சமாதானம் சொன்னார். எங்கள் ஊரில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நடந்துபோய்த்தான் பெண் பார்த்தார்கள், கல்யாணமும் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தன. அது கிடக்கட்டும். சுரங்கம்தான் வேண்டும் என்றால் இவ்வளவு செலவு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

தங்கவயலில் தோண்டி முடித்த சுரங்கம் 1,300 கிலோமீட்டருக்கு மேல் தயாராக இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி லாபமில்லை என்று மூடியது முதல் சும்மாதான் கிடக்கிறது. பெங்களூருக்கு 1905-இல் வந்த கரண்ட் எங்களுக்கு 1902-லேயே வந்துவிட்டது, ஆகவே வசதிக்குறைவான ஊர் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மேல்மட்டத்தில் இடம் கேட்டாலும் சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான பி.ஜி.எம்.எல். பெயரில் ஏறத்தாழ 12,000 ஏக்கர் இருக்கிறது, சயனைடு மேட்டுப் புழுதி பறக்கும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் போதும். ஆனால் வி.ஐ.பி.களை மேலே நிறுத்துவது அவமரியாதை. அவர்களுக்கு கிஃபோர்டு ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியைக் கொடுத்துவிடலாம்.

திட்டம் இதுதான். பாஸ் ஒட்டிய கார்கள் எல்லாம் மேட்ச் அன்று காலையிலேயே, சைரனோடு, தங்கவயலுக்கு வர வேண்டும். அந்தஸ்துக்குத் தகுந்தபடி தளம். கிரிக்கெட் போர்டு உறுப்பினர்களின் மைத்துனர்களுக்கு ஆயிரம் அடி, எம்.எல்.ஏ.க்களுக்கு ஐயாயிரம் அடி, அமைச்சர்களுக்கு அடித்தளம். ஏ.சி. கிடையாது, எங்கள் தாத்தாவுக்கும் கிடையாது. பம்பை நிறுத்திய பிறகு கீழே தண்ணீர் நிரம்பிவிட்டது, அதனால் வாட்டர் வாஷ் இலவசம். சுரங்க லிஃப்டான கேஜை இயக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். என்ன, அவர்களைப் பெங்களூர் அபார்ட்மென்ட் வாசல்களிலிருந்து லீவு சொல்லி வரவழைக்க வேண்டும், அங்கேதான் அவர்கள் வாட்ச்மேன் உடுப்பில் மற்றவர்கள் காரைப் பின்னாடி எடுக்கக் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டண விவரமும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தகராறு வேண்டாம். காரையும் அதில் இருப்பவரையும் கீழே இறக்குவது முற்றிலும் இலவசம். மேலே ஏற்றத்தான் காசு. சுரங்கத் தொழிலாளர்களுக்கு 2001-லிருந்து தர வேண்டிய பாக்கியும், அவர்கள் இருக்கிற லைன் வீடுகளுக்குப் பட்டாவும் முதலில் மேசைக்கு வர வேண்டும். அதுவரை வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.